எங்கள் 'லைபிறறி ரீச்சர்'

(பங்கின் யூபிலி ஆண்டு நினைவுக் கூட்டத்தில், பேரப்பிள்ளைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி என்பது நன்றி கூறும் காலம். கோயிலுக்கு அத்திவாரமிட்ட குருக்களையும், கடற்கரையிலிருந்து கல்லும் மணலும் சுமந்து வந்த முன்னோரையும், சிறுவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்மாரையும் இந்த நாட்களில் நினைவுகூர்ந்து வருகிறோம். அவர்களோடு சேர்த்து, எந்தச் சபைக்கும் தலைவியாக இருந்திராத, எந்த மேடையிலும் ஏறியிராத ஒரு பெண்மணியைப் பற்றியும் பேச வேண்டும் எனப் பங்குத்தந்தை அவர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டார். அன்னார் எங்களில் சிலருக்கு அப்பாச்சி, சிலருக்கு அம்மம்மா. உங்களில் நரைத்த தலையினர் பலருக்கோ 'லைபிறறி ரீச்சர்'. அந்தப் பெயரைச் சொன்னதும் இங்கே பல முகங்கள் மலர்வதைக் காண்கிறோம். ஆகவே நாங்கள் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. நீங்கள் அறிந்தவற்றையும், வீட்டுக்குள் இருந்து நாங்கள் கண்டவற்றையும் ஒன்றாகக் கோத்துத் தருகிறோம்.

அப்பாச்சி நூல் நிலையத்துக்கென நியமனம் பெற்று வந்தவர் அல்லர். சின்ன வகுப்புகளுக்குத் தமிழும் சமயமும் படிப்பித்த ஆசிரியை. 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகு, அதுவரை பாடசாலைப் படியை மிதியாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கிய காலம் அது. கடலுக்குப் போகும் தகப்பன்மாரின் பிள்ளைகள், சந்தையில் மீன் விற்கும் தாய்மாரின் பிள்ளைகள். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தை அவர்கள் கண்டதில்லை. பாடசாலையில் ஓர் அலுமாரி இருந்தது. அதற்குள் புனிதர் சரித்திரங்களும், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் நூல்கள் சிலவும், பழைய 'பாதுகாவலன்' கட்டுகளும், ஆங்கிலக் கதைப் புத்தகங்களும் பூட்டிக் கிடந்தன. அந்தத் திறப்பை யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்றபோது, "நான் எடுக்கிறன்" என்றாராம் அப்பாச்சி. அன்று இடுப்பில் செருகிய திறப்பு இளைப்பாறும் வரையில் அவரைவிட்டு நீங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பொது நூல் நிலையம் பிறந்த கதையை அப்பாச்சி எங்களுக்கு ஒரு புனிதரின் சரித்திரத்தைப் போலவே சொல்லுவார். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தமது வீட்டிலிருந்தே அயலவருக்குப் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே, 1934இல், ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு அறையில் 844 நூல்களோடு அது பொது நூல் நிலையமாயிற்று. பின்னர் பெரியதொரு கட்டடம் வேண்டுமென்று ஊர் கூடி நிதி சேர்த்தபோது, சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த வண. பிதா லோங் அடிகளார் அதற்காக அரும்பாடுபட்டார். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பட்ட எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் கட்டடத்தின் வரைபடத்தைத் தீட்டினார். 1959 ஒக்ரோபர் 11ஆந் திகதி அது திறந்துவைக்கப்பட்டது.

திறந்த சில நாட்களில் அப்பாச்சி தமது வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போய் அதைக் காட்டினார். பிள்ளைகள் வெள்ளை மாடத்தையும் படிகளையும் பார்த்து வாய் பிளந்து நிற்க, இவரோ உள்ளே சென்று, அட்டவணை அட்டை எப்படி எழுதுவது, எந்த நூலுக்கு எந்த எண் போடுவது என்று கேட்டறிந்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். 200 சமயம், 500 விஞ்ஞானம், 800 இலக்கியம், 900 சரித்திரமும் பூமிசாத்திரமும் என்ற டூவியின் இலக்கங்களை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்பே மனனம் செய்துவிட்டோம். சமையலறையில் உள்ள சரக்குப் போத்தல்களுக்கும் அவர் இலக்கம் போட்டிருந்தார் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளைப் பற்றி அங்கேதான் அவர் முதலில் கேள்விப்பட்டார். நூல் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். இதை அப்பாச்சி தம்முடைய பாஷையில் மாற்றி வைத்துக்கொண்டார். "அலுமாரிக்குள்ளை கிடந்தால் கறையானுக்குச் சாப்பாடு. பிள்ளையின்ரை கையிலை இருந்தால் பிள்ளைக்குச் சாப்பாடு."

இந்த ஒரு வசனத்துக்காக அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1960ஆம் ஆண்டு முடிவில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னர், ஒவ்வோர் ஆண்டும் 'போட் ஒவ் சேவே' எனப்படும் கணக்கெடுப்பு நடக்கும். நாற்காலி எத்தனை, மேசை எத்தனை, புத்தகம் எத்தனை என்று எண்ணுவார்கள். குறைந்த நூலின் விலையைப் பொறுப்பானவர் கட்ட வேண்டும். இதற்கு அஞ்சியே எத்தனையோ பாடசாலைகளில் புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால் கன்னி கழியாமல் இருந்தன. எங்கள் அப்பாச்சியோ கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆண்டு முடிவில் இரண்டு மூன்று குறையும். சம்பளத்திலிருந்து கட்டிவிடுவார். "வீட்டிலை அரிசிக்கு இல்லை, நீ ஆற்றையோ பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் குடுக்கிறாய்" என்று அப்பப்பா ஏசுவாராம். "துலைஞ்ச புத்தகம் எங்கையோ ஒரு வீட்டிலை இருக்குது தானே" என்பது மட்டுமே மறுமொழி.

ஒருமுறை திரும்பி வந்த ஒரு கதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, புத்தகத்தைப் பழுதாக்கிவிட்டதாகக் குறிப்பெழுத முற்பட்டார். அப்பாச்சி அந்தச் செதிலை நகத்தால் மெல்லக் கிளப்பிவிட்டு, "ஐயா, மீன் வெட்டுற நேரத்திலும் ஒரு பிள்ளை இதைக் கீழை வைக்க மனமில்லாமல் வாசிச்சிருக்குது. அதையும் எழுதுங்கோ" என்றார். அந்தப் பிள்ளை பிற்காலத்தில் ஆசிரியையாகி, இளைப்பாறி, இன்று இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறோம்.

நூல்களைப் பேணுவதிலும் அவர் சளைத்தவரல்லர். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு கட்டுமானப் பட்டறை. கோதுமை மாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்து, பூச்சி அரிக்காதபடி காய்ச்சுவார். கழன்ற தாள்களை ஊசியால் தைப்பார். பழைய சட்டைத் துணியை முதுகில் ஒட்டுவார். அலுமாரித் தட்டுகளில் உலர்த்திய வேப்பிலையைப் பரப்புவார். 1970களில் இந்திய இதழ்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, வீடு வீடாகச் சென்று பழைய 'அம்புலிமாமா' இதழ்களைச் சேர்த்து ஆண்டுவாரியாகக் கட்டி வைத்தார். அந்தக் கட்டுகளை வாசித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இந்தப் பங்கில் உண்டு.

இனி நாங்கள் சொல்ல வருவது, அவருடைய வாழ்வை இரண்டாகப் பிளந்த காலத்தைப் பற்றி.

1981ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மறுபடி கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழிப் புலவரும் நல்லூர் சுவாமிகளின் வழியில் சொல்லாராய்ச்சி செய்தவருமான வண. பிதா தாவீது அடிகளார், அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். நம் பங்கில் அச்செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்பதை மூத்தோர் அறிவீர்கள். அப்பாச்சி அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. செபமாலையைக் கையில் பிடித்தபடி திண்ணையில் இருந்தார். மூன்று நாட்களாக அடுப்பைப் பார்த்தவர்கள் எங்கள் மாமிமார்தான்.

அதன்பின் எங்கும் ஒரே பேச்சு: இருக்கின்ற புத்தகங்களையாவது காப்பாற்ற வேண்டும். பாடசாலை நூல்களை றங்குப்பெட்டிகளில் அடைத்து, பூட்டி, பாதுகாப்பான ஓர் அறையில் வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். அப்பாச்சி மட்டும் இணங்கவில்லை. அவர் கூறிய மறுமொழியை எங்கள் தந்தையார் பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஓர் இடத்திலை வைச்சால் எரிக்க ஒரு நெருப்புப் போதும். நூறு வீட்டிலை வைச்சால் நூறு நெருப்பு வேணும்."

அதிபரிடம் பேசி ஒப்பம் பெற்றுக்கொண்டு, அந்த ஆண்டிலேயே அவர் தொடங்கியதுதான் 'வீட்டு அலுமாரி' முறை. பங்கின் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று, நான்கு, ஐந்து புத்தகங்கள். எந்த வீட்டில் எந்தப் புத்தகம் என்பது பதிவேட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் விறாந்தையில் அவர் ஒரு வாங்கில் அமர்ந்திருக்க, வீட்டுக்கு வீடு புத்தகங்கள் கை மாறும். எழுத்தறியாத தாய்மார்கூடத் தங்கள் வீட்டுப் புத்தகங்களைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வருவார்கள். கணக்கெடுப்பு நாள் வந்தால் வேடிக்கை. அதற்கு முதல் நாள் மாலையில் பிள்ளைகள் தலையிலும் சயிக்கிளிலும் புத்தகங்களைச் சுமந்து பாடசாலைக்கு வருவார்கள். மறுநாள் எல்லாம் எண்ணி முடிந்ததும், அன்று பின்னேரமே அவை திரும்பவும் ஊருக்குள் போய்விடும்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தாவீது அடிகளாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கவும் அவர் தவறியதில்லை. ஒருமுறை, "சுவாமி, எரிஞ்ச புத்தகங்களுக்காகவும் சேர்த்து ஒப்புக்குடுக்கலாமோ?" என்று அப்போதிருந்த பங்குத்தந்தையிடம் கேட்டாராம். புத்தகங்களுக்கு ஆன்மா இல்லையே என்று அவர் புன்னகைத்தபோது, "அப்ப அதுகளை எழுதினவைக்கும் வாசிச்சவைக்கும்" என்று திருத்திக்கொண்டார்.

1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் விலையோ எட்டாத உயரம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, துளி வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். கடதாசித் தட்டுப்பாட்டால் புதினப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாள்களிலும் அச்சாகின. அந்நாட்களில் அப்பாச்சி இளைப்பாறியிருந்தார். ஆயினும் முதல் ஞாயிறு வாங்கை அவர் விடவில்லை. ஒரு விளக்கின் சுற்றில் நாலைந்து பிள்ளைகள் இருந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி செய்தார். "எண்ணெய் ஒரு ஆளுக்குத்தான் காணும், கதை அஞ்சு பேருக்கும் காணும்" என்பார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை யார் மறப்பார்? மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நடந்த அந்தக் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் இருந்தது. எங்களிற் சிறியவர்கள் தோளில், பெரியவர்கள் பைகளோடு. அப்பாச்சியின் பையில் மூன்று பொருட்கள்: செபமாலை, அப்பப்பாவின் படம், பொலித்தீனில் சுற்றிய பதிவேடு. அரிசி இன்னும் ஒரு கிலோ வைத்திருக்கலாமே என்று தந்தையார் சினந்தபோது, நடந்துகொண்டே சொன்னார்: "புத்தகத்தை விட்டிட்டுப் போகலாம், மோனை. எது ஆரிட்டை இருக்குதெண்டதை விட்டிட்டுப் போகேலாது."

1996இல் ஊர் திரும்பினோம். பாடசாலையின் ஓடுகள் சிதறிக் கிடந்தன. அலுமாரி உடைந்திருந்தது. உள்ளே இருந்த நூல்கள் நனைந்து, ஊறி, கறையான் புற்றாய் நின்றன. அப்பாச்சி அழுவார் என்று நாங்கள் பயந்தோம். அவரோ பதிவேட்டை விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்.

அன்பானவர்களே, அந்த ஈராண்டுகளில் நீங்கள் செய்ததை நாங்கள் மறக்க மாட்டோம். இறப்பில் செருகி வைத்த புத்தகங்களை எடுத்து வந்தீர்கள். நெல்லுப் பெட்டிக்குள் புதைத்தவற்றைத் தட்டிக் கொண்டு வந்தீர்கள். சாவகச்சேரிக்கும் கிளிநொச்சிக்கும் தூக்கிச் சென்று, அகதி வாழ்விலும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, மீண்டும் கொண்டு வந்தீர்கள். பாதிக்கு மேற்பட்ட நூல்கள் வீடுகளிலிருந்தே திரும்பி வந்தன. பூட்டி வைத்தவை போயின. பகிர்ந்து கொடுத்தவை மிஞ்சின. பல ஆண்டுகள் கழித்து, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், ஊதா முத்திரை பதித்த ஒரு பூமிசாத்திர நூலைக் கையில் கொடுத்துத் தலைகுனிந்து நின்றார். "தண்டப் பணம் எவ்வளவு ரீச்சர்?" என்று கேட்டார். "நீ போன நாடு இதிலை எந்தப் பக்கத்திலை இருக்குது, காட்டு" என்றார் அப்பாச்சி. அதுவே தண்டம்.

ஒன்றை மட்டும் குரல் தழுதழுக்காமல் சொல்ல முயல்கிறோம். ஒரு தாய் நான்கு புத்தகங்களுடன் வந்தார். ஐந்து எடுத்த வீடு அது. ஐந்தாவது, அவருடைய மகனின் பெயரில் பதிந்தது. மகன் திரும்பி வரவில்லை. அவன் அடையாளம் வைத்த இடத்தில் மடித்த தாள் அப்படியே இருக்கிறது, அதை மட்டும் தன்னிடம் விட்டுவிட முடியுமா என்று அந்தத் தாய் கேட்டார். அப்பாச்சி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே, திரும்பிய திகதி எழுத வேண்டிய கட்டத்தில், "தாயிடம் உள்ளது" என்று எழுதினார். இன்றும் அந்த வரி அவ்வாறே இருக்கிறது.

இறுதி ஆண்டுகளில் அப்பாச்சியின் கண்பார்வை மங்கியது. அப்போது நாங்கள் முறை வைத்து அவருக்கு வாசித்தோம். எழுத்தொன்றை விழுங்கினால் உடனே பிடித்துவிடுவார். வருவோர் போவோரிடமும், "உங்கடை வீட்டிலை இப்ப என்ன வாசிக்கினம்?" என்றே நலம் விசாரிப்பார். அவஸ்தைப்பூசுதல் பெற்ற நாளில், பதிவேட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டோம். "கோயிலுக்குக் குடுங்கோ. பங்குதான் அலுமாரி" என்றார்.

நூல்களை ஓரிடத்தில் குவிக்காமல் பலரிடமும் பரப்புவதே காவல் என்ற அவருடைய எண்ணம் இன்று வேறு வடிவிலும் வளர்ந்து நிற்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து, உலகின் எம்மூலையிலிருந்தும் எவரும் வாசிக்கும்படி வைத்துவருகிறது. எரிந்த பொது நூல் நிலையமும் திருத்தி எழுப்பப்பட்டு வாசகரை வரவேற்கிறது. அப்பாச்சி அதன் படிகளில் மீண்டும் ஏறியபோது அவருடைய கையைப் பிடித்திருந்தவர்கள் நாங்கள். உள்ளே சென்றதும் முதலில் சிறுவர் பகுதி எங்கே என்றுதான் கேட்டார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இன்று நாங்கள் அந்தப் பதிவேட்டைப் பங்குத்தந்தையின் கையில் ஒப்படைக்கிறோம். அதை ஒரு நினைவுச் சின்னமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான வேண்டுகோள். அதன் பின்புறத்தில் எழுதாத தாள்கள் இன்னும் பல உள்ளன. உங்கள் வீட்டு இறப்பிலோ பெட்டியிலோ ஊதா முத்திரை பதித்த புத்தகம் இருந்தால் கொண்டு வாருங்கள், தண்டம் இல்லை. இல்லாதவர்கள் ஒரு புதுப் புத்தகம் கொண்டு வாருங்கள். வரும் மாதத்து முதல் ஞாயிறு பூசைக்குப் பின், அதே விறாந்தையில், அதே வாங்கில் எங்களில் ஒருவர் அமர்ந்திருப்போம். கையடக்கத் தொலைபேசியை விட்டுப் பிள்ளைகள் நிமிர்வதில்லை என்று குறை சொல்லும் தாய்மாரே, வரும்போது அந்தப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

தாம் பெற்றதைப் பூட்டி வைக்காமல் பிறர் கையில் கொடுத்து வாழ்ந்த எங்கள் அப்பாச்சியின் ஆன்மாவுக்கு இறைவன் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. அவருக்காகவும், அவருடைய பதிவேட்டில் பெயர் இருந்தும் இன்று நம்மோடு இல்லாத பிள்ளைகள் அனைவருக்காகவும் செபிக்குமாறு உங்களை வேண்டுகிறோம்.